பாஸ்தா காய்கறி சூப்: பொடியும் சோளமாவும் வேண்டாத மினஸ்ட்ரோனே

சூப் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இரண்டு வகைதான். ஒன்று, சோளமாவு கரைத்து ஊற்றி உணவகத்தில் கெட்டியாக்கித் தரும் சூப். மற்றொன்று, உறையைக் கிழித்துக் கொட்டிக் கொதிக்கவிடும் பொடி சூப். இரண்டிலும் காய்கறி பெயரளவுக்குத்தான் இருக்கும். இத்தாலியில் வீட்டுக்கு வீடு செய்யும் மினஸ்ட்ரோனே இதற்கு நேர் எதிர். பாத்திரம் நிறையக் காய், அதோடு வெந்த பீன்ஸ் பருப்பு (இங்கே ராஜ்மா), கடைசியில் ஓரிரு கைப்பிடி பாஸ்தா. கெட்டியாவதற்கு மாவும் தேவையில்லை, சுவைக்கு சூப் க்யூப்பும் தேவையில்லை. முதல் 10 நிமிடத்தைப் பொறுமையாகக் கொடுத்து, எந்தக் காய் எப்போது உள்ளே போக வேண்டும் என்ற வரிசையைக் காப்பாற்றினால் வெறும் தண்ணீரே நல்ல சூப்பாக மாறும்.

ராஜ்மா முன்பே வெந்து தயாராக இருந்தால், காய் வெட்டுவதையும் சேர்த்து 45 நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். இங்கே சொல்லும் அளவு 4 பேருக்கு இரவுச் சாப்பாடாகவே போதும். ஓரமாக ஒரு துண்டு ரொட்டி இருந்தால் இன்னும் நல்லது.

ஊருக்கு ஒரு மினஸ்ட்ரோனே

இதுதான் சரியான மினஸ்ட்ரோனே என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். வடக்கே மிலான் பக்கம் பாஸ்தாவுக்குப் பதில் அரிசி போடுவார்கள். ஜெனோவா நகரில் சின்ன பாஸ்தா போட்டு, இறக்கிய பிறகு பெஸ்டோ என்ற பச்சைத் துவையலைக் கலப்பார்கள். அங்கே சூப் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்றால், கரண்டியை நட்டால் அது நிற்க வேண்டும். வெயில் காலத்தில் இதே சூப்பை ஆறவிட்டு, சூடில்லாமல் சாப்பிடுவதும் அங்கே வழக்கம். டஸ்கனியில் மீந்த காய்கறி சூப்பில் பழைய ரொட்டியைப் போட்டு மறுநாள் மீண்டும் கொதிக்கவிட்டு ரிபொல்லீட்டா என்று உண்பார்கள்.

இன்று இந்த சூப்புக்கு அடையாளமாகத் தெரியும் தக்காளி, உருளைக்கிழங்கு, ராஜ்மா வகை பீன்ஸ் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து 1492க்குப் பிறகு ஐரோப்பாவுக்குப் போனவை. அதற்கு முன் இத்தாலியர்களின் சூப்பில் வெங்காயம், முட்டைகோஸ் வகைகள், கீரை, கொண்டைக்கடலை, அகன்ற அவரை, தானியங்கள் இருந்தன. புதிய காய் வந்தபோது அதையும் அதே பாத்திரத்தில் சேர்த்துக்கொண்டார்கள். ஆகவே வெள்ளரிபோல் தோன்றும் சுக்கினி என்ற காய் கிடைக்காத ஊரில் சௌசௌ போடுவதில் எந்தத் தவறும் இல்லை. கையில் இருக்கும் காயைப் போடுவதுதான் இந்தச் சமையலின் இயல்பே.

தேவையானவை

- ஆலிவ் எண்ணெய்: 3 டேபிள்ஸ்பூன், பரிமாறும்போது மேலே விடக் கொஞ்சம்
- பெரிய வெங்காயம்: 1 (சுமார் 150 கிராம்)
- கேரட்: 2 (சுமார் 150 கிராம்)
- செலரி (வாசனையுள்ள நீளத் தண்டுக் காய்): 2 தண்டு
- பூண்டு: 3 பல்
- உருளைக்கிழங்கு: நடுத்தர அளவில் 1
- முட்டைகோஸ்: 100 கிராம்
- பச்சை பீன்ஸ்: 100 கிராம்
- சௌசௌ அல்லது சுக்கினி: 150 கிராம்
- நன்கு பழுத்த தக்காளி: 3 (சுமார் 250 கிராம்)
- வெந்த ராஜ்மா: 1 கப் (வேகவைக்கும் முன் 75 கிராம்)
- சின்ன பாஸ்தா: 100 கிராம்
- பாலக்கீரை: ஒரு கைப்பிடி
- தண்ணீர்: ஒன்றேகால் லிட்டர்
- உப்பு, புதிதாகப் பொடித்த மிளகு
- துருவிய கெட்டிச் சீஸ்: 4 டேபிள்ஸ்பூன், விரும்பினால்

அடி கனமான, 4 லிட்டர் பிடிக்கும் பாத்திரம் ஒன்று வேண்டும். மெல்லிய பாத்திரத்தில் வெங்காயம் ஓரத்தில் கருகும், பாஸ்தா அடியில் பிடிக்கும். குக்கரின் அடிப்பாகத்தையே மூடியில்லாமல் பயன்படுத்தலாம், அது கனமாகத்தான் இருக்கும்.

பாஸ்தா வாங்கும்போது

கடையில் உறையின் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் பாருங்கள். துரம் கோதுமை ரவையில் செய்தது என்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். துரம் என்பது கடினமான கோதுமை வகை. அதன் புரதம் மாவுச்சத்தைச் சுற்றி வலைபோல் இறுகிப் பிடித்துக்கொள்வதால், வெந்த பிறகும் பாஸ்தா கடிபடும். மைதா கலந்த மலிவான பாஸ்தா சூப்பில் 10 நிமிடம் கிடந்தாலே விளிம்பு கரைந்து குழைந்துவிடும். தனியாக வேகவைத்து வடிக்கும்போது இந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. சூப்பில் மறைக்க முடியாது.

அளவில் சின்னதாக இருக்க வேண்டும். கரண்டியில் ஒரே வாரலில் காயும் பாஸ்தாவும் சேர்ந்து வர வேண்டும் அல்லவா? இத்தாலியில் டிட்டாலினி என்ற குட்டிக் குழல் பாஸ்தாவை இதற்கென்றே வாங்குவார்கள். நமக்கு எளிதாகக் கிடைப்பது சின்ன எல்போ மக்ரோனியும் சிப்பி வடிவப் பாஸ்தாவும். அதுவும் இல்லையென்றால் ஸ்பாகெட்டியை ஒரு துணியில் சுற்றி மேசை விளிம்பில் வைத்து ஒடித்தால், சிதறாமல் 2 செ.மீ. துண்டுகளாகக் கிடைக்கும். இத்தாலியப் பாட்டிகளும் உறைகளில் மிஞ்சிய ஸ்பாகெட்டியை இப்படித்தான் தீர்ப்பார்கள். பென்னே போன்ற நீளக் குழல்கள் இதற்குப் பெரியவை.

100 கிராம் பார்க்கக் குறைவாகத் தெரியும், கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். வெந்ததும் அது 200 கிராமுக்கு மேல் வந்துவிடும், தட்டில் இருக்கும்போதும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இது காய்கறி சூப், பாஸ்தா இதில் துணைக்குத்தான்.

ராஜ்மாவில் கவனம் தேவை

ராஜ்மாவை 8 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிய தண்ணீரில் குக்கரில் வையுங்கள். 5 அல்லது 6 விசிலுக்குப் பிறகு தணலைக் குறைத்து 10 நிமிடம் விட்டால் விரலால் நசுக்கும் அளவுக்கு வெந்திருக்கும். பழைய சரக்காக இருந்தால் இன்னும் சற்று நேரம் கேட்கும்.

இதில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். வேகாத ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. அரைவேக்காட்டில் நாலைந்து பருப்பு வயிற்றுக்குள் போனாலே வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம். நன்கு தளதளவெனக் கொதித்தால் அந்தப் புரதம் சிதைந்துவிடும். மிதமான சூட்டில் மணிக்கணக்காக வைத்தால் அது போகாது. அதனால் ஊறிய ராஜ்மாவை நேரடியாக சூப்பில் போட்டுக் காயோடு வேகவிடும் எண்ணம் வேண்டாம். தனியாக, முழுமையாக வெந்த பிறகே சூப்பில் சேரட்டும்.

ராஜ்மா வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். ஊறவைத்த தண்ணீர்தான் வேண்டாதது. வெந்த தண்ணீர் வழவழப்பும் சத்தும் உள்ளது, ஒன்றேகால் லிட்டர் தண்ணீர்க் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூப்புக்கு வரும் திடம் பாதி இதிலிருந்துதான்.

முதல் நாளே ஊறவைக்க மறந்துவிட்டால் சூப்பைத் தள்ளிப்போட வேண்டாம். பருவத்தில் சந்தையில் உரித்து விற்கும் பச்சை டபுள் பீன்ஸுக்கு ஊறல் தேவையில்லை, குக்கரில் 2 அல்லது 3 விசில் வைத்துப் பதம் பார்த்தால் போதும். அதுவும் இல்லையென்றால் கால் கப் மைசூர்ப் பருப்பைக் கழுவி உருளைக்கிழங்கோடு நேராக சூப்பிலேயே போட்டுவிடலாம். அது காயோடு சேர்ந்து வெந்து, தானே கரைந்து கெட்டித்தன்மை தரும்.

காயும் வெட்டும்

இந்தச் சமையலில் நேரத்தை மிச்சப்படுத்தும் உண்மையான வழி கத்தியில் இருக்கிறது. சின்னதாக வெட்டிய காய் சீக்கிரம் வேகும், அவ்வளவுதான். வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் மிகப் பொடியாக, உளுந்தம்பருப்பைவிடச் சற்றே பெரிதாக நறுக்குங்கள். மற்ற காய்கள் எல்லாம் கொண்டைக்கடலை அளவு. பீன்ஸை ஒரு செ.மீ. நீளத்துக்கு நறுக்கினால் போதும். எல்லாவற்றையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும் என்பதில்லை. முதல் மூன்றையும் நறுக்கி அடுப்பில் ஏற்றிவிட்டால், அவை வதங்கும் 10 நிமிடத்தில் மற்ற காய்களை வெட்டிவிடலாம்.

செலரி நீலகிரியில் விளைகிறது, பெரிய ஊர்களின் காய்கறிக் கடைகளில் கிடைக்கும். கட்டாக வாங்கினால் 2 தண்டு போக மீதி நிறைய இருக்கும். அதைப் பொடியாக நறுக்கி உறைய வைத்துக்கொண்டால் அடுத்த முறைக்கு ஆகும், வதக்குவதற்குத்தானே. கிடைக்கவே இல்லையென்றால் முட்டைகோஸின் நடுத்தண்டையும் காலிஃபிளவரின் இளந்தண்டையும் பொடியாக நறுக்கிச் சேர்த்து, மல்லித் தண்டு இரண்டைக் கூடப் போடுங்கள். செலரியின் வாசனை அப்படியே வராது. ஆனால் அந்த இடம் வெறுமையாகவும் இருக்காது.

நூல்கோல், வெள்ளை முள்ளங்கியின் ஒரு துண்டு, பரங்கிக்காய், பச்சைப் பட்டாணி, காலிஃபிளவர் எல்லாமே இதில் பொருந்தும். கத்தரிக்காயும் சேரும், ஜெனோவாவின் கோடைகால மினஸ்ட்ரோனேயில் அதைப் போடுவதுண்டு. பீட்ரூட்டை நான் சேர்க்க மாட்டேன். சுவை கெடாது, ஆனால் பாஸ்தா முதல் கீரை வரை எல்லாவற்றையும் ஒரே சிவப்பாக்கிவிடும். வெண்டைக்காயும் பாகற்காயும் இந்தப் பாத்திரத்துக்கு ஆகாதவை.

முதல் 10 நிமிடம்

பாத்திரத்தில் 3 டேபிள்ஸ்பூன் எண்ணெயை விட்டு, அது லேசாகச் சூடானதும் பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரியைப் போடுங்கள். கால் டீஸ்பூன் உப்பு சேருங்கள். தணலைக் குறைத்து, மூடியைப் பாதி மூடி, இடையிடையே கிளறிவிடுங்கள்.

இத்தாலியர்கள் இதை சொஃப்ரீட்டோ என்பார்கள். நம் தாளிப்புக்கும் இதற்கும் வேலை ஒன்றே, வழி வேறு. தாளிப்பில் எண்ணெய் நன்றாகக் காய வேண்டும், கடுகு வெடிக்க வேண்டும், அரை நிமிடத்தில் வாசம் எழும்ப வேண்டும். இங்கே எண்ணெய் புகையக் கூடாது, வெங்காயம் சிவக்கவும் கூடாது. உப்பு காயிலிருந்து ஈரத்தை வெளியே இழுக்கும். அந்த ஈரத்திலேயே காய் மெல்ல வெந்து, இனிப்பு வெளிவந்து, எண்ணெயில் கேரட்டின் நிறம் இறங்கும். எண்ணெய் இளம் ஆரஞ்சு நிறத்துக்கு மாறியிருந்தால், வெங்காயம் கண்ணாடிபோல் ஆகியிருந்தால், பதம் சரி. அடியில் பிடிப்பதுபோல் தெரிந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்யும் காய்கறி சூப் தண்ணீராக, சப்பென்று இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தப் படியை 2 நிமிடத்தில் முடித்துவிடுவதுதான். பின்னால் எவ்வளவு மிளகும் சீஸும் போட்டாலும் இங்கே விட்ட சுவையை ஈடுகட்ட முடியாது. அவசரமாக இருக்கிறதென்றால் வேறு எங்காவது நேரத்தைக் குறையுங்கள். காயில் இரண்டு வகையை விட்டுவிடுங்கள். இந்த 10 நிமிடத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.

கடைசி ஒரு நிமிடத்தில் தட்டிய பூண்டைச் சேருங்கள். முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். காரம் வேண்டுமென்றால் அரை டீஸ்பூன் மிளகாய்ச் செதில்களை இப்போதே போட்டுக் கிளறுங்கள். இத்தாலியின் தென்கோடியில் உள்ள கலாப்ரியாக்காரர்கள் மிளகாயை விட்டுச் சமைக்க மாட்டார்கள், ஆகவே இது நாம் திணிக்கும் மாற்றம் அல்ல. சீரகம், இஞ்சி, கரம் மசாலா சேர்த்தாலும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது வேறு சூப் ஆகிவிடும். காயின் இனிப்பையும் ஆலிவ் எண்ணெயின் மணத்தையும் மசாலா முழுவதுமாக மூடிவிடும்.

ஆலிவ் எண்ணெய் விலை அதிகம் என்று தயங்குபவர்கள் வதக்குவதற்குச் சூரியகாந்தி எண்ணெயைப் பயன்படுத்திவிட்டு, ஒரு சின்னப் புட்டி நல்ல ஆலிவ் எண்ணெயைப் பரிமாறும்போது மேலே விட மட்டும் வைத்துக்கொள்ளலாம். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் அவற்றின் மணத்தால் சூப்பையே தம் பக்கம் இழுத்துவிடும்.

தண்ணீரும் வரிசையும்

பூண்டு வாசம் வந்ததும் உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், பச்சை பீன்ஸ் மூன்றையும் சேர்த்து 2 நிமிடம் பிரட்டுங்கள். பக்கத்து அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீரை ஊற்றுங்கள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் மீண்டும் கொதிவர 7, 8 நிமிடம் வீணாகும். ஒன்றேகால் டீஸ்பூன் உப்புப் போட்டு, மிதமான தணலில், மூடியைச் சற்றே திறந்து 8 நிமிடம் வேகவிடுங்கள்.

தக்காளி எங்கே என்று கேட்பீர்கள். நமக்கு வெங்காயத்தோடு தக்காளியையும் வதக்கிப் பழக்கம். இங்கே கொஞ்சம் பொறுக்க வேண்டும். புளிப்பு உள்ள நீரில் உருளைக்கிழங்கும் பீன்ஸும் மெதுவாகத்தான் மெத்தென்றாகும், காயின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் கரைவதில்லை. ஆகவே கடினமான காய்கள் முக்கால் பங்கு வெந்த பிறகு தக்காளியைப் பொடியாக நறுக்கிச் சேருங்கள். உருளைக்கிழங்கில் கத்தி நுனி லேசான தடையோடு இறங்கினால் அதுதான் நேரம்.

தக்காளியோடு சௌசௌ அல்லது சுக்கினியையும் போடுங்கள். வெந்த ராஜ்மாவில் பாதியைக் கரண்டியால் மசித்து, மீதியை முழுதாக, இரண்டையும் சேர்த்துவிடுங்கள். மசித்த பாதிதான் சூப்பைக் கெட்டியாக்கும், சோளமாவுக்கு வேலையே இல்லை. இன்னும் 5 நிமிடம் கொதிக்கட்டும். பீன்ஸ் பளிச்சென்ற பச்சையில் இருக்க வேண்டுமென்று விரும்புகிறவர்கள் அதை முதலில் போடாமல் பாஸ்தாவோடு போடலாம். நீண்ட கொதியிலும் தக்காளிப் புளிப்பிலும் பச்சையம் மங்கி ஆலிவ் நிறத்துக்குப் போய்விடும். எனக்கு நன்கு வெந்து நிறம் மங்கிய பீன்ஸ்தான் இந்த சூப்பில் பிடிக்கும், சுவை இறங்கியிருக்கும்.

பார்மிஜானோ என்ற இத்தாலியக் கெட்டிச் சீஸை வாங்கும் வீடு என்றால் துருவி முடித்த பிறகு மிஞ்சும் கெட்டியான தோலைத் தூக்கி எறியாதீர்கள். மேற்பரப்பைக் கழுவிச் சுரண்டிவிட்டு, தண்ணீர் ஊற்றும்போதே சூப்பில் போடுங்கள். அந்தத் தோல் சீஸ் உலர்ந்து இறுகியதுதான், மெழுகு பூச்சு அல்ல. கொதியில் அது இளகி, இறைச்சிச் சாறு ஊற்றியதுபோன்ற ஆழத்தைத் தரும். பரிமாறும் முன் எடுத்துவிடலாம், பொடியாக நறுக்கிச் சாப்பிடவும் செய்யலாம். சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரில் விற்கும் சீஸை விதிப்படி கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைக் கொண்டுதான் உறையவைக்கிறார்கள். அதைத் தவிர்ப்பவர்கள் உறையில் பச்சைக் குறி உள்ள வேறு கெட்டிச் சீஸைத் தேடுங்கள். சதுரத் துண்டுகளாக வரும் பதப்படுத்திய சீஸ் வேண்டாம், சூட்டில் பசையாகிக் கரண்டியில் ஒட்டும். நல்ல சீஸ் கிடைக்காவிட்டால் சீஸே இல்லாமல் செய்யுங்கள். குறை தெரியாது.

குக்கரில் எல்லாவற்றையும் போட்டு இரண்டு விசில் வைத்தால் என்ன? காய் மட்டும் என்றால் வைக்கலாம். ஒரு விசில் போதும், ஆனால் எல்லாக் காயும் ஒரே பதத்தில் குழைந்திருக்கும். ஆனால் பாஸ்தாவைக் குக்கரில் மூடி வேகவைக்கவே கூடாது. மாவுச்சத்து நுரைத்துப் பொங்கி ஆவித் துளையை அடைத்துவிடும், அது ஆபத்து.

பாஸ்தா போடும் நேரம்

பாஸ்தா போடும் முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலில் உப்பு. ஒரு கரண்டி எடுத்து ருசி பாருங்கள். பாஸ்தா இந்த நீரைத்தான் குடித்து வேகப்போகிறது, அதனால் நீரில் உப்பு சரியாக இருக்க வேண்டும். பாஸ்தா வெந்த பிறகு போடும் உப்பு அதன் உள்ளே போகாது. அடுத்து, தண்ணீர் அளவு. காய் எல்லாம் மூழ்கி, மேலே இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்க வேண்டும். குறைவாக இருந்தால் ஒரு கப் வெந்நீர் சேருங்கள்.

தணலைக் கூட்டி, நன்றாகக் கொதிக்கும்போது 100 கிராம் பாஸ்தாவைத் தூவுங்கள். முதல் ஒரு நிமிடம் விடாமல் கிளறுங்கள். பாஸ்தாவின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகும் நேரம் அதுதான், அப்போது கிளறாவிட்டால் ஒன்றோடொன்றும் அடியிலும் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை போதும்.

உறையில் 9 நிமிடம் என்று போட்டிருந்தால் 7ஆவது நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடும் ஒரு சிறு உறுதியும் இருந்தால் உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள். முழுதாக வெந்த பிறகு அணைத்தால் மேசைக்குப் போகும்போது அது குழைந்திருக்கும். சூப்பின் சூடே மீதி வேலையை முடித்துக்கொள்ளும்.

ஒரே வேளையில் சாப்பிட்டு முடிக்கப் போவதில்லை என்றால், பாஸ்தா போடும் முன்பே சூப்பைப் பிரித்துவிடுங்கள். இன்றைக்கு வேண்டியதை மட்டும் அடுப்பில் வைத்து, 2 பேருக்கு என்றால் 50 கிராம் பாஸ்தா போடுங்கள். மற்றதை எடுத்து ஆறவையுங்கள். சிலர் பாஸ்தாவைத் தனியே வடித்துத் தட்டில் போட்டு மேலே சூப் ஊற்றுவார்கள். பாஸ்தா குழையாது என்பது உண்மை. ஆனால் சூப்பில் வெந்த பாஸ்தாவுக்குக் காயின் சுவை ஏறுவதும், அதன் மாவுச்சத்து சூப்புக்கு வழவழப்புத் தருவதும் அந்த முறையில் கிடைக்காது. பிரித்து வைக்கும் முறையில் இரண்டும் கிடைக்கிறது.

அணைத்த பிறகு

பாலக்கீரையைக் கிழித்துப் போட்டு ஒரு கிளறு கிளறி, மூடி, 5 நிமிடம் அப்படியே விடுங்கள். கீரைக்கு அந்தச் சூடே போதும். அரைக்கீரை, சிறுகீரை என்றால் பாஸ்தா வேகும் கடைசி 3 நிமிடத்தில் போட வேண்டும், அவற்றுக்குச் சற்றே கூடுதல் வேக்காடு தேவை.

இந்த 5 நிமிட ஓய்வில் சூப் கண்ணெதிரே இறுகும். கரண்டியால் வாரிச் சாய்த்தால் நீர் முன்னே ஓடாமல் காயோடு சேர்ந்து வழிய வேண்டும். நீர்த்திருந்தால் உருளைக்கிழங்குத் துண்டுகள் நாலைந்தைப் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து நசுக்கிக் கலக்குங்கள். இறுகிப்போயிருந்தால் கொதிக்கும் தண்ணீர் சேர்த்து உப்பைச் சரிபாருங்கள். உப்பு சரியாக இருந்தும் ஏதோ குறைவதுபோல் தோன்றினால் அரை டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நம் பழுத்த நாட்டுத் தக்காளி போட்டிருந்தால் இது பெரும்பாலும் தேவைப்படாது.

ஆழமான கிண்ணத்தில் ஊற்றி, மேலே மிளகு, சீஸ், ஒரு டீஸ்பூன் ஆலிவ் எண்ணெய். இந்த எண்ணெயைக் கொதிக்கும்போது விட்டால் அதன் மணம் ஆவியோடு போய்விடும், கிண்ணத்தில்தான் விட வேண்டும்.

ஜெனோவா வழியில் போக விரும்பினால்

ஒரு சிறிய இடிகல்லில் தோல் உரித்த பூண்டுப் பல் பாதி, ஒரு சிட்டிகை கல்லுப்பு, 5 முந்திரி, இரண்டு கைப்பிடி பேசில் இலை ஆகியவற்றை நசுக்கி, 2 டேபிள்ஸ்பூன் துருவிய சீஸும் 3 டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெயும் சேர்த்துக் குழையுங்கள். ஜெனோவாவில் முந்திரி இருக்கும் இடத்தில் பைன் கொட்டை இருக்கும், பளிங்கு உரலில் மர உலக்கையால் நசுக்குவார்கள். மிக்ஸியில் அரைப்பதென்றால் விட்டுவிட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓடினால் சூடேறி இலை கறுக்கும்.

பேசிலுக்கு எங்கே போவது என்று நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சப்ஜா விதை தருகிற நம் திருநீற்றுப்பச்சிலையும் இத்தாலியர்களின் பேசிலும் ஒரே தாவர இனம்தான். செடிக்குச் செடி வாசனை மாறும். ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள், வாசனை மிகக் கடுமையாக இருந்தால் பாதி அளவு போட்டு, மீதிக்கு இளம் பாலக்கீரையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். துளசியைப் போடாதீர்கள். அது வேறு இனம், அதன் கார்ப்பு சூப்பை மருந்துக் கஷாயமாக்கிவிடும்.

பெஸ்டோவை அடுப்பில் இருக்கும் சூப்பில் கலக்கக் கூடாது. கிண்ணத்தில் ஊற்றி ஓரிரு நிமிடம் ஆறிய பிறகு ஒரு டீஸ்பூன் வைத்து, சாப்பிடுபவரே கலந்துகொள்ளட்டும். பெஸ்டோ போட்டால் தனியாகச் சீஸோ எண்ணெயோ தேவையில்லை.

மீந்ததை வைப்பது

பாஸ்தா போடாமல் பிரித்துவைத்த சூப்பை அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, சீக்கிரம் ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். நம் ஊர்க் கோடையில் ஒரு மணி நேரத்தைத் தாண்டவிடாதீர்கள். அடுத்த 3 நாட்கள் தாங்கும். இரண்டாம் நாள் சுவை கூடித்தான் இருக்கும், ராஜ்மாவும் தக்காளியும் ஒன்றோடொன்று கலந்து பழகியிருக்கும். எடுத்து நன்றாகக் கொதிக்கவைத்து, தண்ணீர் அளவு பார்த்து, அப்போது புதிதாகப் பாஸ்தா போடுங்கள்.

பாஸ்தா போட்ட சூப் மீந்துவிட்டால் அது மறுநாள் கெட்டியாகிக் கரண்டியோடு எழும்பும். அதைத் தண்ணீர் விட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவர முயல வேண்டாம். அகலமான தோசைக்கல்லில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சூப்பைப் பரப்பி, அடிப்பக்கம் மொறுமொறுப்பாகும் வரை விட்டுத் திருப்பிப் போடுங்கள். மேலே சீஸும் மிளகும் தூவினால் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மாலைச் சிற்றுண்டி தயார்.

உறையவைக்க நினைத்தால் உருளைக்கிழங்கு இல்லாமல் செய்துகொள்ளுங்கள். உறைந்து இளகிய உருளைக்கிழங்கு நறநறவென்று ஆகிவிடும். ராஜ்மாவைக் கால் கப் கூட்டிக்கொண்டால் கெட்டித்தன்மை குறையாது. கீரையும் பாஸ்தாவும் சேர்க்காமல், 2 பேருக்கான அளவாகப் பிரித்து, தேதி எழுதி உறைய வையுங்கள். 2 மாதத்துக்குள் எடுத்துவிடுங்கள். வேண்டும்போது கட்டியாகவே பாத்திரத்தில் போட்டு அரை கப் தண்ணீரோடு மூடி இளகவிட்டு, கொதி வந்ததும் 50 கிராம் பாஸ்தா, அணைத்ததும் ஒரு பிடி கீரை.